குழாயடி மண்

மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. நீங்கள் எடுப்பதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரியிடம் விசாரித்தேன். "ஒங்க அத்தைக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க. போன் அடிச்சா ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சிடுறாங்க" என்றாள். அதனால்தான் கடிதம். இதையாவது பிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் உங்கள் பேத்தியும் நலம். மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். கையை நீட்டினால் தொடலாம். பூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உங்கள் மகன் இருந்திருந்தால் அந்த ஜன்னலையே திறக்க விட்டிருக்கமாட்டார்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். இளவேனில் வரப்போகிறது அல்லவா, என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரமோ எறும்போ தவளையோ, எதுவானாலும் சரி. பள்ளி மூடும்வரை அதைக் கவனிக்க வேண்டும், அதற்கு உதவியாக ஏதாவது செய்யவும் வேண்டும். சுவரில் பெரிய காகிதம் ஒட்டி எல்லாரும் எழுதினார்கள். உங்கள் பேத்தி எழுதியது: 'எங்கள் பாட்டி வீட்டு முன்கூரைக் குருவி.'

நீங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற பெண் இங்கே வாயே திறப்பதில்லை, அத்தை. அப்பா போனதிலிருந்தே குறைந்துவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் சுத்தமாக நின்றுபோனது. பிள்ளைகள் 'சாமியார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். எழுதியதாவது எழுதினாளே என்று எனக்கு ஆறுதல்.

அவளுக்காக நீங்கள் அந்தக் குருவியைப் பார்த்து எழுத வேண்டும். பழைய கூடு, அவர் காரியத்தன்று வாசலில் விளக்குக் கட்ட வந்தவர்கள் கை பட்டு உடைந்துவிட்டது. இந்த முறை புதிதாகத்தான் கட்டும். ஈர மண்ணை உருண்டை உருண்டையாக வாயில் எடுத்துக் கட்டுகிற ஜாதி அது. வாசலில் ஓரமாகக் கொஞ்சம் சிமென்டைப் பெயர்த்து மண்ணை விட்டால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. இங்கே தற்காலிகமாகத்தான் வந்தேன். நிரந்தரமாக இருக்கிறேனா, திரும்புகிறேனா என்று மே மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். உங்களைக் கேட்காமல் போடமாட்டேன். நாங்கள் கிளம்பிய அன்று நீங்கள் வாசலுக்கு வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் மருமகள்

---

மார்ச் 9

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தேன். போனில் ஏன் பேசுவதில்லை என்றால், குரலை வைத்தே இளைத்தேனா பெருத்தேனா என்று நீ எடை போடுவாய். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

வாயாடி பேசவில்லை என்றால் கோளாறு உங்கள் பள்ளிக்கூடத்தில். நடக்கிறதுக்கு முன்னால் பேசினவள் அவள். நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். மறு வருடம் கட்டட வேலையில் சாந்துச் சட்டி தலைக்கு வந்துவிட்டது. என் பேத்தி அதே ஐந்தாவதில் உட்கார்ந்துகொண்டு ஆறாவதை எட்டிப் பார்க்கிறாள். தையல்காரியிடம் தினம் சொல்கிறேன். "எத்தன வாட்டி சொல்லுவீங்க, கேட்டுக் கேட்டு நானே பாஸாயிடுவேன் போல" என்கிறாள். பொறாமை.

இளவேனில் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது வெயில் ஆரம்பம். எதுவோ ஒன்று. குருவி வந்துவிட்டது என்று அவளிடம் சொல். ஜோடியாக வந்திருக்கிறது. வால் கத்தரி மாதிரி பிளந்த அதே குருவி. கம்பியில் உட்கார்ந்து என் முன்கூரையைப் பார்க்கிறது. கீழே இறங்கித் தரையைக் கொத்திப் பார்க்கிறது. மறுபடி கம்பிக்கே போய்விடுகிறது.

தரையைப் பெயர்க்கச் சொல்லி எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அது யார் போட்ட தரை? மழையில் நான் வழுக்கி விழுந்தேன் என்று, வேலைக்குப் போய் வந்த அலுப்போடு முட்டி போட்டுத் தேய்த்தான். "அம்மா, இனிமே நீ கண்ண மூடிக்கிட்டே நடக்கலாம்" என்றான். அதற்குத் தண்ணீர் விட்டுக் காத்தது நான். அது நன்றாக இறுகின பிறகுதான் அவன் அந்தச் சாரத்தில் ஏறினான். ஏறினவன் இறங்கி வரவில்லை, விழுந்துதான் வந்தான். ஊரார் கட்டடம் எத்தனையோ கட்டினான், எதுவும் எனக்கில்லை. அவன் கை பட்டது என்று என்னிடம் இருப்பது இந்த வாசல் ஒன்றுதான். அதில் உளி வைக்கச் சொல்லாதே.

நிரந்தரமோ தற்காலிகமோ உன் இஷ்டம். நான் யாரையும் கட்டிப் போடவில்லை. நாலு பேருக்குப் பொங்கிப் பழகின கைக்கு ஒரு ஆள் அளவு இன்னும் வரவில்லை. மிச்சத்தைத் தெரு நாய்க்கு வைக்கிறேன். நாய் நன்றாகப் பெருத்திருக்கிறது.

அத்தை

---

மார்ச் 17

அன்புள்ள அத்தைக்கு,

தரையைப் பற்றி நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். தொட வேண்டாம். ஒரு தட்டில் ஈர மண்ணைப் போட்டு, காயவிடாமல் வாசலில் வைத்தால் போதும். குருவி வந்து எடுத்துக்கொள்ளும்.

ஜோடியாக வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். காகிதத்தில் அவள் பேருக்கு எதிரே ஒரு பிள்ளை இரண்டு குருவி வரைந்துவிட்டது. அவள் பேனாவை எடுத்து வால்களைப் பிளந்துவிட்டாள்.

அதிலிருந்து பிள்ளைகளுக்குக் குருவிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலேயும் அவை பறக்கின்றன. வட்டம் போடுகின்றன, போய்விடுகின்றன. மைதானம் முழுக்கக் கல் பதித்திருக்கிறது, பிடி மண் கிடையாது. "டீச்சர், அதுங்க வீடு பாக்க வந்து, பிடிக்காம போகுதுங்க" என்றான் ஒருவன். எல்லாருமாகச் சேர்ந்து எங்கிருந்தோ வாளி வாளியாக மண் கொண்டுவந்து, கை கழுவும் குழாய்களுக்குக் கீழே நான்கு தட்டுகளில் குழைத்து வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடமா, செங்கல் சூளையா?" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண் காய்ந்துவிடக் கூடாதே என்று நானும் அவளும் போய்த் தண்ணீர் விடுகிறோம். பூட்டிய வகுப்பறைகள், காலியான படிக்கட்டு, நாங்கள் இரண்டு பேர். அப்போதும் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்று கூப்பிடு, யாரும் இல்லை என்றேன். "பள்ளிக்கூடத்துல டீச்சர்தான்" என்றாள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

எங்கள் தட்டுக்குக் குருவி இன்னும் வரவில்லை. எல்லாரும் உங்கள் வாசலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

உங்கள் மருமகள்

---

மார்ச் 28

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

வகுப்பில் சத்தமாக வாசி. வைத்துவிட்டேன்.

உன் மாமனாரின் சாந்துச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கால்வாய்க் கரையில் நல்ல களிமண் இருக்கிறது. நானே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். "இந்த வயசுல மண்ணு சுமக்குறீங்களே, பேத்தி வீட்டு அட்ரஸ் குடுங்க, புகார் எழுதிப் போடுறேன்" என்றாள் தையல்காரி. போடி என்றேன்.

வெறும் மண்ணைக் குழைத்து வைக்க மனசு வரவில்லை. இரண்டு தலைமுறைக் கொத்தனார் வீடு இது. இந்த வீட்டில் கொடுத்த கலவை உதிர்ந்தது என்று ஒரு குருவி சொல்லக் கூடாது. என் மகன் தரைக்கு வாங்கி மிச்சம் வைத்த கால் மூட்டை சிமென்ட் இருந்தது. ஓரமெல்லாம் கட்டி தட்டிவிட்டது, நடுவில் இன்னும் மாவாகத்தான் இருக்கிறது. எட்டுப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போட்டேன். குருவிதானே என்று மெலிசாகத்தான். உன் மாமனாருக்குக் கலந்து கொடுத்த மாதிரியே கட்டியில்லாமல் குழைத்தேன். இந்தக் கூடு பத்து வருடம் நிற்கும். எந்த விளக்குக்காரன் தட்டினாலும் அவன் கைதான் உடையும்.

குருவி வந்து சட்டியிலேயே இறங்கி நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. எடுக்கவில்லை. முதல் நாள் வேலைக்கு வருகிற எவனும் கலவையை முறைத்துத்தான் பார்ப்பான். நாளைக்கு எடுக்கும்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அசையவில்லை, இருமல் வந்தும் இருமவில்லை. என் வாசலில் ஒன்று வந்து நிற்கிறதே, அதைத் துரத்திவிடக் கூடாதே என்று இருந்தது.

அத்தை

---

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்தச் சட்டியை உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். சிமென்ட் கலந்த மண் குருவியின் வாயைப் புண்ணாக்கிவிடும். வெறும் மண்தான் வேண்டும். அதன் எச்சிலிலேயே அது பிடித்துக்கொள்ளும், நம் கலவை தேவையில்லை.

வகுப்பே சிரித்து உருண்டது, அத்தை. எனக்கும் அடக்க முடியவில்லை. எத்தனை மாதம் ஆயிற்று நான் அப்படிச் சிரித்து! பிள்ளைகள் பெரிய எழுத்தில் எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்: 'குருவிக்குச் சிமென்ட் போடாதீர்கள்.' வருகிறவர் போகிறவர் எல்லாரும் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மணி அடித்துவிட்டது. மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்

---

ஏப்ரல் 12

மருமகளுக்கு.

சட்டியை எடுத்துவிட்டேன்.

ஐந்தாவது படித்தவளுக்குக் குருவியைப் பற்றி என்ன தெரியும். சரிதான். ஆனால் என் அறியாமையை நீ கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துவாய் என்று எனக்குத் தெரியாது. ஊரே சிரிக்கட்டும். என் பேத்தி உட்கார்ந்திருக்கிற வகுப்பில் சிரித்திருக்க வேண்டாம். அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருப்பாள்?

கலவை இறுகிவிட்டது. அதில் குருவி நின்ற தடம் பதிந்திருக்கிறது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. நீங்கள் போனதற்குப் பிறகு தானாக என் வாசல் தேடி வந்து நின்றது அது ஒன்றுதான்.

இனி எழுத ஒன்றும் இல்லை.

---

ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவசரத்தில் பாதி எழுதி, முக்கியமானதை விட்டுவிட்டேன். இப்போது முழுவதையும் கேளுங்கள். பிறகு கோபப்படுங்கள்.

நான் சொல்லவில்லை அத்தை. சொன்னது வாயாடி.

கலவை பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை அன்று காலையில் வீட்டிலேயே படித்துவிட்டாள். வகுப்பில் நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறேன், பின்வரிசையில் அவள் எழுந்து நிற்கிறாள். யாரும் எழுப்பவில்லை.

"எங்க பாட்டி குருவிக்குக் கலவை போட்டு வச்சிருக்காங்க."

சாமியார் பேசுகிறாளே என்று வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"என்ன கலவ?"

"எட்டுக்கு ஒண்ணு. சிமென்ட்டு."

"குருவிக்கு மாடி வீடா கட்டப் போறாங்க?"

"ஆமா. எங்க பாட்டி கலந்தா பத்து வருஷம் நிக்கும். ஒங்க பாட்டிக்குக் கலக்கத் தெரியுமா?"

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவள் அவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நீங்கள் தையல்காரியோடு மல்லுக்கு நிற்பீர்களே, அச்சாக அப்படி நின்றாள். நான் சிரித்தேன் என்று எழுதினேனே, அது குருவியைப் பார்த்தும் இல்லை, உங்களைப் பார்த்தும் இல்லை. அந்த இடுப்பில் இருந்த கையைப் பார்த்து. இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரே கூட்டம். "நெசமாவே ஒங்க பாட்டி தலையில கல்லு தூக்குவாங்களா? சாரத்துல ஏறுவாங்களா?" அவள் கதை கதையாக அளந்துகொண்டிருந்தாள். குழாய்க்கு மேலே அந்தக் காகிதத்தை எழுதியதும் அவள்தான்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். தட்டு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, குழாயடியில் இரண்டு கல்லை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். "எடுத்தா யார் பொறுப்பு?" என்றாராம் அவர். "நாங்கதான். திரும்பப் பதிக்கணும்னா எங்க பாட்டி வந்து பதிப்பாங்க" என்றாளாம். கல்லை எடுத்துவிட்டார்கள். குருவி இன்னும் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் விடுமுறை நாளிலும் முறை போட்டு வந்து தண்ணீர் விடுகிறார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அறையில் இருக்கிறேன். அவள் அவர்களோடு போய்விடுகிறாள்.

கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசை மேலேயே வைத்திருக்கிறேன். பேனாவை எடுத்தால் அந்த வாசல் ஞாபகம் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தரையில் என்னால் கால் வைக்க முடியவில்லை. அவர் முட்டி போட்டிருந்த இடம் எது என்று கண் தேடுகிறது. நீங்கள் தினமும் அதன் மேல் நடக்கிறீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அதனால்தான் வந்தேன். உங்களை விட்டுவிட்டு வர நான் கிளம்பவில்லை.

அவள் கேட்கிறாள், "பாட்டி கோச்சுக்கிட்டாங்களா?" என்ன சொல்ல?

உங்கள் மருமகள்

---

மே 6

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

கோச்சுக்கிட்டாள், இப்போது இல்லை என்று சொல்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாளா? தையல்காரியிடம் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். "அப்பிடியே ஒங்க திமிரு" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

தைரியம் என்று எழுதியிருக்கிறாயே, யாருக்குத் தைரியம்? நான் ஓரமாகத்தான் நடக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூலையோடு மூலையாக. நடு வாசலில் இன்றுவரை கால் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்றான் அவன். கண்ணைத் திறந்துகொண்டே என்னால் முடியவில்லை. நீங்கள் கிளம்பின அன்று நான் வாசலுக்கு வரவில்லை என்று மனசில் வைத்திருக்கிறாய். வந்தால் கேட் வரைக்கும் உங்களோடு நடு வாசலில் நடந்துதானே வர வேண்டும்? நீ போகிறாய் என்ற கோபமும் இருந்தது. அது வேறு.

உன் கடிதம் வந்த மறுநாள் உளியை எடுத்தேன். கேட்டை ஒட்டிக் குழாய் இருக்கிறதே, அந்த இடம்தான். லேசில் விட்டதா? ஒரு அடிக்கு ஒரு சில்லுதான் பெயர்ந்தது. "ஏண்டா பாவி, இவ்ளோ கெட்டியாவா போடுவ" என்று திட்டிக்கொண்டே அடித்தேன். பேசி எத்தனை நாளாயிற்று அவனோடு. திட்டத் திட்டக் கை ஓடியது. தையல்காரி ஓடி வந்து, "என்ன காரியம் பண்றீங்க, குடுங்க நான் அடிக்கிறேன்" என்றாள். ஊசி பிடிக்கிற கைக்கு உளி எதுக்குடி என்று தள்ளிவிட்டேன். அவள் போகவில்லை. சில்லுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள்.

அடியில் மண் அப்படியே இருந்தது. கறுப்பாக, சில்லென்று. ஒரு மண்புழுகூட இருந்தது. அத்தனை கெட்டிக்கு அடியில் அது எப்படி இருந்ததோ. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்தேன்.

வாயாடிக்கு இதை நீயே வாசித்துக் காட்டு. குருவி வந்தது. சேற்றில் இறங்கி, வாய் நிறைய மண் எடுத்தது. முதலில் ஒன்று, பின்னாலேயே இன்னொன்று. நான் முன்கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று. அது என் தலைக்கு மேலே போய், தெருவைத் தாண்டி, தையல்காரி முன்கூரையில் ஒட்டியது.

அன்று முழுக்க அப்படித்தான். மண் என் வாசலில், வீடு அவள் வாசலில். குழாயை மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். ரேடியோவும் போடவில்லை. என் மகன் தரையை உடைத்து அடுத்தவள் வீட்டுக்குக் கூடு கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று வயிறு எரிந்தது. உள்ளேயே இருந்தால் குழாயடி காய்ந்துவிடும். அதற்காக எழுந்து வந்தேன்.

இப்போது கூடு முடிந்துவிட்டது. கிண்ணம் மாதிரி, விளிம்பு மட்டம் பிசகாமல் வந்திருக்கிறது. மட்டப்பலகை இல்லாமல் எப்படித்தான் வந்ததோ. தையல்காரி எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பார்க்கிறேன். "எங்க வீட்டுக் குருவி" என்று அவள் பீற்றிக்கொள்கிறாள். கட்டட்டும், எங்கே கட்டினால் என்ன. மண் நம் வீட்டு மண்.

நீ கையெழுத்துப் போடு. நிரந்தரம் என்றே போடு. அவள் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது, மறுபடி மூடவிட வேண்டாம்.

சாந்துச் சட்டியில் இறுகின கலவையை அப்படியே பெயர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன். குருவிக் கால் பதிந்த பக்கம் மேலே இருக்கட்டும். வகுப்புப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், உடையாது. யார் கலந்தது!

லீவுக்கு அவளை அனுப்பு. தனியாக அனுப்பப் பயமாக இருந்தால் நீயும் வா. நடு வாசலில் நடக்க வேண்டாம். கேட்டைத் திறந்ததும் குழாயடிப் பக்கமாகத் திரும்பினால் நேரே சமையலறைக் கதவுக்கு வந்துவிடலாம். அந்தப் பக்கம் கதவு வரைக்கும் பெயர்த்துவிட்டேன், அவன் போட்ட தரை இப்போது இல்லை. வெறும் மண்தான். கால் சேறாகும். கழுவிக்கொள்ளலாம், குழாய் அங்கேதானே இருக்கிறது.

அத்தை